கதவடியில் இருந்த இரண்டு பைகள்

மீன்குடலும் புளித்த சோறும் ஈரக் கடதாசியும் ஒன்றாய் வெயிலில் கிடந்து கிளப்புகிற நெடி எங்காவது மூக்கில் ஏறினால் எனக்குக் கண் நிறைந்துவிடும். குப்பை நாற்றத்துக்கு அழுகிற தங்கள் அம்மாவைக் கண்டு என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

சண்டை முடிந்து, முகாமிலும் இருந்துவிட்டு, மன்னார் டவுனுக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது எனக்குப் பத்து வயது. சொந்த ஊரான வெள்ளாங்குளத்தில் எங்கள் வீடு நின்ற இடத்தில் சுவர்கூட மிஞ்சவில்லை, வயலில் மிதிவெடியும் எடுத்து முடியவில்லை என்பதால், சொந்தக்காரர் ஒருவரின் வளவு மூலையில் தகரக் கொட்டில் போட்டுக்கொண்டு அம்மாவும் நானும் இருந்தோம். அப்பா ஷெல்லடியில் போய்விட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்த அண்ணா சண்டையின் கடைசி மாதங்களில் காணாமற்போனவர். செத்தாரா இருக்கிறாரா என்று சொல்ல ஒருவரும் இல்லை.

ஊரில் வளவின் பின்பக்கம் கிடங்கு வெட்டிக் குப்பை போட்டுப் பழகியவர்கள் நாங்கள். டவுனிலோ எல்லோரும் குப்பையைப் பிளாஸ்டிக் “சொப்பின் பை”யில் கட்டி, நாங்கள் இருந்த சின்னச் சந்தான ஒழுங்கையின் முகப்பில் எறிந்தார்கள். தெருவெல்லாம் திரிகிற மன்னார்க் கழுதைகளுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? பைகளைக் கிழித்து, எந்த வீட்டில் என்ன கறி என்று தெருவுக்கே பரப்பிக் காட்டிவிட்டுப் போகும். குப்பை ஏற்றுகிற நகரசபை உழவு இயந்திரம் எப்போது வரும் என்பது ஒருவருக்கும் தெரியாது. ஒழுங்கைக்காரர் பலமுறை முறையிட்ட பிறகு ஒரு புது ஒழுங்கு வந்தது. கிழமைக்கு இரண்டு நாள் அந்த உழவு இயந்திரம், எங்கள் வாயில் “மிசின்”, மணியடித்துக்கொண்டு வரும், பையை இறுக்க முடிச்சுப் போட்டு வாசற்படலையடியில் கையில் கொடுக்க வேண்டும், அது காத்து நிற்காது. நாற்றம் குறைந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம்.

எங்களுடைய மிச்சச் சொத்தும் அதே மாதிரிச் சொப்பின் பையில்தான் இருந்தது. பிறப்பு அத்தாட்சிகள், குடும்ப அட்டை, அண்ணாவின் ஒரே படம். ஒன்றுக்குள் ஒன்றாய் மூன்று பை, மூன்று முடிச்சு, கதவடியில் ஓர் ஆணி. “கையில தூக்கிக்கொண்டு ஓட ஏலாத சாமான் எங்கட இல்லை” என்று அம்மா அடிக்கடி சொல்வார். இனி ஓடத் தேவையில்லை என்று யார் சொல்லியும் அவர் அதை உள்ளே எடுத்து வைக்கவில்லை. எங்களைப்போல வந்து குடியேறிய வீடுகளிலெல்லாம் கதவடியில் அப்படி ஒரு பை தொங்கியது. அண்ணாவின் படம் ஒரு கலியாணவீட்டில் எடுத்தது, நீலச் சேட்டுப் போட்டு நின்று சிரிப்பார்.

காணாமற்போனவர்களின் விபரத்தை அரசாங்க அலுவலகமான கச்சேரியில் பதிகிறார்கள், படம் கட்டாயம் வேண்டும் என்று கேள்விப்பட்டு, ஒருநாள் அம்மா அந்தப் பையை ஆணியிலிருந்து இறக்கிக் கதவடியில் வைத்தார். காலையில் ஒரு வீட்டில் சமையல் வேலை, மத்தியானம் வந்து கச்சேரிக்குப் போவதாக ஏற்பாடு. போகும்போது, குப்பைப் பையைக் கழுதை இழுக்கும் என்று உள்ளே கதவடியில் வைத்திருப்பதாகவும் மணி கேட்டால் கொடுத்துவிடும்படியும் சொன்னார். மணி கேட்டபோது நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன். மிசின் எங்கள் படலையைத் தாண்டிவிட்டது. ஆணியைப் பார்க்காமல், கதவடியில் இருந்த இரண்டு பையையும் குப்பை என்றே நினைத்துக் கைக்கு ஒன்றாய்த் தூக்கிக்கொண்டு ஓடினேன். பின்னால் நின்ற வயதான தொழிலாளி எட்டி வாங்கிக்கொண்டு, கெட்டிக்காரி என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மா வந்து கதவடியைப் பார்த்தார்.

“கச்சேரிக்குக் கொண்டுபோற பை எங்கை பிள்ளை?”

“குடுத்திட்டன் அம்மா.”

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரோ உடனே டவுனுக்கு வெளியே குப்பை கொட்டுகிற வெளிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு நடந்தார். அந்தத் தொழிலாளி விஷயத்தைக் கேட்டதும் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை வைத்துவிட்டு எங்களோடு சேர்ந்து கிளறினார். பொழுது சாய்கிற நேரம் அவர் கையில்தான் பை அகப்பட்டது. கழுதைகள் முந்திவிட்டன. கிழிந்த பைக்குள் மீன்தண்ணி இறங்கி, எல்லாம் ஊறி, படம் குடும்ப அட்டையோடு ஒட்டிக் கிடந்தது. அம்மா மெல்ல மெல்லப் பிரித்தார். மேல்தோல் உரிந்துகொண்டு வந்தது.

“சேட்டு இருக்கு பிள்ளை,” என்றார். “முகந்தான் போயிட்டுது.”

அடுத்த நாள் வெறுங்கையோடு கச்சேரிக்குப் போய், உயரம், நிறம், புருவத்துத் தழும்பு என்று வாயால் சொல்லி எழுதுவித்தார். அதற்குப் பிறகு அவர் குப்பைப் பைக்கு முடிச்சுப் போட்டதே இல்லை. சோறு, மீன்கழிவுக்கு ஒரு வாளி, கடதாசி, பிளாஸ்டிக்குக்கு ஒரு வாளி, இரண்டும் திறந்தபடி. கொடுக்க முதல் கையை விட்டு ஒருமுறை அளைந்து பார்ப்பார். மிசினில் வந்தவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், அந்த வயதான தொழிலாளி மட்டும் பேசாமல் வாங்கிக் கொட்டிவிட்டு வாளியைத் திருப்பிக் கொடுப்பார். நடந்ததைக் கேள்விப்பட்ட மற்ற வீட்டுக்காரரும், தங்கள் கதவடியில் தொங்கிய பையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, வாளிக்கு மாறினார்கள். சில வருசம் கழித்து நகரசபையில் கூட்டம் வைத்து, குப்பையை இரண்டாகப் பிரித்துத் தரவேண்டும் என்று படம் போட்டு விளக்கினார்கள். எங்கள் ஒழுங்கைக்காரர் எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குனிந்த தலை நிமிரவில்லை.

இப்போது மணிக்குப் பதிலாகப் பாட்டு வருகிறது, நிறம் நிறமாய்த் தொட்டிகள் இருக்கின்றன, ஒழுங்கை முகப்பில் கழுதைக்கு ஒன்றும் அகப்படுவதில்லை. கதவடி ஆணிகளில் மோட்டார் சைக்கிள் திறப்புக் கொத்துகள் தொங்குகின்றன. கச்சேரியிலிருந்து பதில் வரவில்லை. அம்மாவும் போய்விட்டார். அந்தப் புருவத்துத் தழும்பைக் கண்முன் நிற்பதுபோல் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். மாமா எப்படி இருப்பார் என்று என் மகள் கேட்கிறாள். நீலச் சேட்டுப் போட்டிருப்பார் என்கிறேன். முகம் எப்படி என்று திரும்பக் கேட்கிறாள். எங்கள் வீட்டில் அண்ணாவைக் கண்ட ஆள் இனி நான் ஒருத்திதான், எனக்கு அந்தச் சேட்டு மட்டுந்தான் ஞாபகம் இருக்கிறது.