மச்சான் மணிக்கட்டில் என் முடிச்சு

போன வருடத் தொடர் ஓட்டத்தில் எங்கள் அணி நாலு நிமிடத் தாமதத்தில் கோட்டைவிட்டது. அந்த நாலு நிமிடமும் என்னுடையது. கடைசிக் கட்டம் ஓட வேண்டிய நான், ஓட்டத்துக்கு முன்னால் வயிறு முட்டப் பிரியாணி சாப்பிட்டிருந்தேன். பாதி வழியில் ஒரு மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து தெருவில் எனக்கு ‘நாலு நிமிஷம்’ என்றே பெயர். டீக்கடையில்கூட, “நாலு நிமிஷத்துக்கு ஒரு டீ” என்பார்கள். சிரித்துவைப்பேன். உள்ளுக்குள் எரியும்.

இந்த வருடமும் அதே தொடர் ஓட்டம். மாலையில் ஆரணியில் கிளம்பி, சேத்துப்பட்டு, தேசூர், வந்தவாசி சுற்றி, காலை ஆறு மணிக்குள் ஆரணி திரும்ப வேண்டும். ஆறு பேர், ஆளுக்கு இரண்டு கட்டம். எல்லோரும் பட்டு நெய்கிறவர்கள். தறியில் நாள் முழுக்க மிதிக்கிற காலுக்கு ஓட்டம் ஒரு பொருட்டா என்பது நாங்களே கிளப்பிவிட்ட கதை. முதல் மூன்று கிலோமீட்டரில் அதன் லட்சணம் தெரிந்துவிடும். கையில் கோல் கிடையாது. மணிக்கட்டில் ஒரு ரப்பர் பட்டை, அதற்குள் நேரம் குறிக்கும் சில்லு. அதை வாங்கிக் கட்டிக்கொண்டுதான் அடுத்தவர் ஓடலாம்.

கடைசிக்கு முந்தைய கட்டம் என் மனைவியின் தம்பிக்கு. அவன் கைக்கு மாறும்போது பட்டை அறுந்தது. பக்கத்தில் நின்றிருந்த நான், என் பையைக் கட்டியிருந்த பட்டு நூலை உருவி, முறுக்கி, அறுந்த முனைகளை அவன் மணிக்கட்டிலேயே சேர்த்து முடிச்சுப் போட்டேன். தறியில் பாவு இழை அறுந்தால் போடுகிற அதே முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். அவிழ்க்கும் யோசனையே அதில் கிடையாது. எங்கள் விரலுக்கு வேறு முடிச்சு வராது. போட்டுவிட்டு, பெருமையாக அதன்மேல் ஒரு தட்டும் தட்டினேன்.

வேன் என்னை ஆரணிக்கு எட்டுக் கிலோமீட்டர் முன்னால் இறக்கிவிட்டு, மற்றவர்களோடு ஊருக்குப் போய்விட்டது. ஐந்து மணிக்கு மச்சான் வந்தான். நூல் வேர்வையில் ஊறி முடிச்சு கல்லாகியிருந்தது. நகத்தால் நோண்டினேன். பல்லால் கடித்தேன். பட்டை இறுகிக் கிடந்ததால் கையை விட்டு உருவவும் வரவில்லை. மேசை போட்டு நேரம் குறித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கத்தரிக்கோல் இல்லை. வேலை நேரமெல்லாம் கத்தரியைக் கையருகிலேயே வைத்திருக்கிற எங்கள் இருவரிடமும் இல்லை.

“பட்டை யார் கையில இருக்குதோ அவங்கதாங்க ஓடணும். இவரே ஓடினாலும் சேத்துக்குவோம். ஜல்தியா சொல்லுங்க” என்றாள்.

மச்சான் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். “என்னால ஆவாது மாமா.”

“நானும் கூட வரேன், வா.”

“நீங்க நின்னா நானும் நின்னுடுவேன். இப்பவே சொல்லிட்டேன்.”

ஓடினோம். இந்த எட்டுக் கிலோமீட்டருக்காக ஒரு வருடம் விடியற்காலையில் எழுந்து பழகியவன் நான். என் ஓட்டம் எதிலும் சேராது என்று தெரிந்தேதான் ஓடினேன். ஆத்திரமாக இருந்தது, அவன்மேல் அல்ல. நான் போன வருடம் உட்கார்ந்த மைல்கல் வந்ததும் அவன் வேகம் தளர்ந்தது.

“இங்கதானே மாமா?”

“பேசிகினு ஓடாத” என்றேன்.

ஆறு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது முடிவுக் கோட்டைத் தாண்டினோம். அங்கே ஒருவர் கத்தரிக்கோலால் நூலை வெட்டினார். “இவ்ளோ கெட்டியா யாருங்க கட்டினது?”

“நான்தாங்க.”

சுவரில் ஒட்டிய பட்டியலில் கடைசி இரண்டு கட்டமும் மச்சான் பெயரில் இருந்தன. என் பெயருக்கு நேரே முதல் கட்டத்தின் நேரம். என் இரண்டாவது கட்டத்துக்கு வெறும் கோடு.

சாயங்காலம் டீக்கடையில் மச்சான் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். நான் நிற்காமல் ஓடியதை இரண்டு தடவை சொன்னான். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு ஒருவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “அப்ப நாலு நிமிஷம் இந்த வருஷமும் ஓடலன்னு சொல்லு.”