நாலாவது ஆம்ப்ளிஃபயர்

எங்கள் ஆடியோ கடையில் அவனுக்குக் காது என்றுதான் பெயர். ஸ்பீக்கருக்கு முன்னால் மண்டி போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, "இடது பக்கம் லேசா சீறுதுண்ணே" என்பான். எங்களுக்கு ஒரு மண்ணும் கேட்காது. மீட்டர் வைத்து அளந்தால் அவன் சொன்னதுதான் சரியாக இருக்கும். கல்யாணமான புதிதில் அவன் மனைவி என்னிடம், "இவர் இருக்கற வீட்ல போன்ல குசுகுசுன்னுகூடப் பேச முடியலண்ணே" என்று அலுத்துக்கொண்டாள். பதினாறு வருடமாக அந்தக் காதுதான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. நான் கடை வண்டி ஓட்டுகிறவன். எனக்கு ஆம்ப்ளிஃபயர் என்றால் மூன்று மாடி தூக்கவேண்டிய பதினெட்டு கிலோ, அவ்வளவுதான்.

அந்த மூன்று மாடிக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர். வேலையில் இருந்தவரை ஒரு சாண் நிலத்துக்குக்கூட மூன்று முறை சங்கிலி பிடித்து அளந்தவர். ஓய்வுக்குப் பிறகு நல்லதாகப் பாட்டு கேட்க ஆசைப்பட்டு, இரைச்சலே இல்லாத பவர் ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்று கடைக்கு வந்தார். ஒன்றை எடுத்துப் போனார். "பாட்டுக்கு நடுவுல ம்ம்ம்னு ஒரு சத்தம்" என்று திருப்பினார். இரண்டாவதும் வந்தது. மூன்றாவதும் வந்தது. மூன்றையும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் காது.

முதலாளி அவனைக் கூப்பிட்டு நிறுத்தினார். "நாலாவது திரும்பி வந்தா, அது மட்டும் வரட்டும். நீ வரவேண்டாம்." கையெழுத்து வாங்கவேண்டிய டெலிவரி சீட்டை அவன் சட்டைப்பையில் அவரே திணித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் வண்டிச் சாவியும் பறிபோகும் என்பதால் மூடிக்கொண்டேன்.

நாலாவதைத் தூக்கிக்கொண்டு காலை பதினோரு மணிக்கு அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஹாலில் எல்லாம் அளவெடுத்து வைத்தது மாதிரி இருந்தது. நாற்காலி நிற்கவேண்டிய இடத்துக்குத் தரையில் சாக்குக்கட்டிக் கோடு. சர்வேயர் கையில் ஒரு நோட்டு. எந்த நாள் எத்தனை மணிக்குச் சத்தம் கேட்டது என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தார். காது வயர்களை மாட்டினான். ஒவ்வொரு முனையையும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தான்.

அவன் சோதிக்கும் முறை எளிது. பாட்டு போடமாட்டான். பாட்டு வருகிற வழியை அடைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரை மட்டும் ஓட விடுவான். அப்போது ஸ்பீக்கரில் என்ன கேட்கிறதோ அதுதான் ஆம்ப்ளிஃபயரின் சொந்த இரைச்சல். காதை ஒட்ட வைத்துக் கேட்டான். முகத்தில் ஒன்றும் இல்லை.

"சுத்தமா இருக்கு சார்."

"நாற்காலில உக்காந்து கேளுங்க. அங்க வருது."

உட்கார்ந்தான். புருவம் சுருங்கியது. "ஆமா, வருது" என்றான். நான் சீட்டு இருந்த அவன் சட்டைப்பையைப் பார்த்தேன்.

"வீட்ல ஓடற எல்லாத்தையும் ஒரு நிமிஷம் நிறுத்துங்க சார். ஃபேன், ஃபிரிட்ஜ், எதையும் விடாதீங்க." வெளிச்சத்தம் எதுவும் கலக்காமல் கேட்பதற்காக எந்த வீட்டிலும் அவன் கேட்பதுதான். சற்று உரக்கவே சொன்னான்.

சர்வேயர் ஃபேனை நிறுத்தினார். சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டு வந்தார். இரண்டு மூச்சு விடும் நேரம். பிறகு அந்த ம்ம்ம் நின்றது.

சர்வேயர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் இப்போதும் சொல்வேன், குழந்தை முகம். "இல்ல. சுத்தமா இல்ல. இதுதான் தம்பி, இதையே வைங்க. சீட்டைக் குடுங்க." பேனாவைத் திறந்தார்.

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். காது சீட்டை எடுக்கவில்லை. நாற்காலிக்குப் பின்னால் மூடியிருந்த படுக்கையறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உள்ள யார் சார்?"

"வீட்டுக்காரி. நுரையீரல் சரியில்ல, படுத்திருக்கா."

அவன் கேட்காமலே கதவைத் தள்ளிக்கொண்டு போனான். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கட்டிலில் ஓர் அம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் மெல்லிய குழாய். குழாயின் மறுமுனை கட்டிலருகே இருந்த ஆக்சிஜன் மெஷினில். மெஷின் ஓடவில்லை. அவர் விரல் அதன் சுவிட்சின் மேல் இருந்தது. உதடு வெளிறி, தோள் ஏறி ஏறி இறங்கியது.

"சத்தம் போயிடுச்சா?" என்று கேட்டார்.

காது குனிந்து சுவிட்சைப் போடப் போனான். அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "இருங்க தம்பி. இந்த மெஷின் சத்தம்தான்னு அவருக்குத் தெரியாது. ரெண்டு வருஷமா ஓடுது, அவர் காதுக்குப் பழகிப் போச்சு. பாட்டுக்குன்னு உத்துக் கேட்டாத்தான் கேக்குது. மூணாவது பெட்டி திரும்பினப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு. அவர் பாட்டு கேக்கற நேரம் நான் நிறுத்திக்கறேன். சொல்லிடாதீங்க."

"எவ்வளவு நேரம்மா தாங்கும்?"

"நேத்து அவர் கடைக்குப் போனப்ப இது இல்லாம இருபது நிமிஷம் இருந்து பாத்தேன்."

ஹாலிலிருந்து, "தம்பி, கையெழுத்து எங்க போடணும்?" என்ற குரல் வந்தது.

மறைக்க மாட்டேன். நானாக இருந்தால் கையெழுத்தை வாங்கிக்கொண்டு இறங்கியிருப்பேன். ஆறு மாதம் கழித்து நினைத்து அழுதிருப்பேன், அது வேறு. அவன் தோளைத் தொட்டு, "வாடா, சீட்டைப் பாரு" என்றேன். அவன் அந்த அம்மாவின் விரல்களை மெதுவாக விலக்கிவிட்டுச் சுவிட்சைப் போட்டான். மெஷின் உறுமிக் கிளம்பியது.

"மறுபடி வந்துடுச்சு," என்றார் சர்வேயர் ஹாலில். முகம் தொங்கிப் போயிருந்தது. "இதுவும் அப்படித்தானா? எடுத்துட்டுப் போயிடுங்க."

காது வாதாடவில்லை. சுவரிலிருந்து ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைப் பிடுங்கி, அவர் எதிரில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இப்ப கேளுங்க சார்."

ஆம்ப்ளிஃபயரில் விளக்கு அணைந்திருந்தது. ம்ம்ம் மட்டும் நிற்கவில்லை. சர்வேயர் பிளக்கைப் பார்த்தார். தலையைத் திருப்பித் திறந்திருந்த படுக்கையறைக் கதவைப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார்.

"உங்களை யாரு சொல்லச் சொன்னது?" அந்த அம்மா எங்களைத்தான் திட்டினார். பிறகு இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். எனக்குக் கேட்கவில்லை. காதுக்குக் கேட்டிருக்கும். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

சர்வேயர் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. காது ஆம்ப்ளிஃபயரைக் காட்டினான். "வண்டில இன்னொரு ஆம்ப்ளிஃபயரும் இருக்கு சார். எதை வைக்கட்டும்?"

"எதையாவது வெச்சுட்டுப் போங்க." அவர் நாற்காலிப் பக்கமே போகவில்லை. "இருபது நிமிஷமாம் தம்பி. கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே இருந்திருக்கா."

சீட்டை வாங்கினார், பேனாவை வைத்து அழுத்தினார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார். நாலாவதையே வைத்துவிட்டு வந்து வண்டியில் ஏறிப் பிரித்துப் பார்த்தால் ஒரு புள்ளிதான் இருந்தது, கையெழுத்து இல்லை.

"முதலாளி கேப்பாரே, ஏறிப் போய் வாங்கிட்டு வந்துடட்டுமா?" என்றேன்.

"வேண்டாம்ணே" என்றான். "வண்டிய எடுங்க."