கையகல மணல்

யாராவது ஒன்றைச் சொன்னால் உடனே நம்பிவிடும் புத்தி எனக்குக் கிடையாது. செங்கல்பட்டு மார்க்கெட்டில் "காலையில பறிச்ச கீரைம்மா" என்றால் காம்பை ஒடித்துப் பார்த்த பிறகுதான் பையைத் திறப்பேன். அம்மா தலையில் அடித்துக்கொள்வார். "உன்னைக் கட்டிக்கப்போறவன் பாவம்டி" என்பார். எவனும் கட்டிக்கொள்ள வருவதற்குள் நிலவியல் ஆராய்ச்சிக்குப் போய்விட்டேன். வீட்டில் திட்டு வாங்கிக் கொடுத்த குணத்தை அங்கே பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வேலை இதுதான். பேரலை கரையேறி வரும்போது கடலடி மணலை வாரிக்கொண்டு வந்து ஊருக்குள் போட்டுவிட்டுத் திரும்பும். அதன்மேல் காலப்போக்கில் சேறு படிந்து மூடிவிடும். உப்பங்கழி ஓரத்துக் களிமண்ணை வெட்டிப் பார்க்கும்போது நடுவில் ஒரு மணல் பட்டை தெரிந்தால், என்றோ ஒருநாள் கடல் அங்கே வந்து போயிருக்கிறது என்று சந்தேகப்படலாம். நாம் பார்த்த சுனாமிக்கு வெகுகாலம் முன்பே இந்தக் கரையில் அப்படி ஏதாவது நடந்ததா, நடந்திருந்தால் தண்ணீர் எதுவரை வந்தது என்பது என் ஆராய்ச்சி. முட்டுக்காட்டில் தோண்டினோம், கட்டடக் குப்பை வந்தது. கோவளத்தில் தோண்டினோம், லாரியில் கொண்டுவந்து கொட்டிய செம்மண் வந்தது. மனுஷன் கை வைக்காத மண்ணே இந்தக் கரையில் மிச்சமில்லையோ என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, மணல்மேட்டுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில், யாரும் மண்ணடிக்காத ஒரு மனை கிடைத்தது. மனைக்குச் சொந்தக்காரர் ஒரு ரிசார்ட்டில் அறைகளைச் சுத்தம் செய்கிற அக்கா. புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அக்காவின் அப்பாவும் அம்மாவும் ஊரான் வயலில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகச் சொந்தப் பேரில் பட்டா வாங்கியவர் அக்காதான். மனையில் செங்கல் வந்து இறங்கியிருந்தது. தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள்.

"இது ஹாலு. இது அடுப்பங்கர. இந்த மூலையில எம்பொண்ணுக்கு ரூமு. ஜன்னலத் தொறந்தா காத்து சும்மா பிச்சிக்கினு வரும்" என்று கோடுகளுக்குள் நடந்து நடந்து காட்டினார். கோட்டை மிதிக்காமல் வாசல் என்று விட்டிருந்த இடைவெளி வழியாகவே உள்ளே போனார், வெளியே வந்தார். என்னையும் அப்படித்தான் வரச் சொன்னார்.

எங்கள் சார், அதாவது என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி, நல்ல மனிதர், ஆனால் பயந்தாங்கொள்ளி. வண்டியிலேயே என்னை எச்சரித்துவிட்டார்.

"அந்த ஊர்ல சுனாமிங்கிற வார்த்தை உன் வாயிலேருந்து வரக்கூடாது. ஒருத்தர் காதுல விழுந்தாப் போதும், ஊரே கூடிடும். அப்புறம் ஒரு கூடை மண்ணு எடுக்க விடமாட்டாங்க. பழைய மண்ணைப் பத்தி ஆராய்ச்சின்னு மட்டும் சொல்லு."

அப்படியே சொன்னேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பழைய மண்ணு பாக்கவா பொத்தேரி காலேஜிலேருந்து கார் போட்டுனு வந்தீங்க? இன்னா மேடம், என்னப் பாத்தா எப்டி தெரியுது உனக்கு?"

"நிஜமாவே மண்ணுதான்க்கா."

"தங்கம் கிங்கம் எடுத்தா எனக்கும் பங்கு குடுத்துடு" என்று சிரித்தார். வாய்தான் சிரித்தது. கண் என் பையிலேயே இருந்தது. என்னைப் போலவே ஒரு ஆள் என்று அப்போதே நினைத்தேன். எனக்குப் பிடித்துப்போயிற்று.

சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால், மனையின் கடைசியில், இரண்டு ஆட்களை வைத்து ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டினோம். மேலே கறுப்புக் களி. அதன் கீழே கையகலத்துக்கு ஒரு மணல் பட்டை, பளிச்சென்று, உடைந்த கிளிஞ்சலோடு. அதற்கும் கீழே மறுபடியும் கறுப்புக் களி. மணலும் களியும் சேருமிடம் கத்தியால் கோடு போட்ட மாதிரி இருந்தது. அமைதியாகக் காற்றில் வந்து படிந்த மணலுக்கு அப்படி ஒரு விளிம்பு இருக்காது. சார் குழிக்குள் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் வழக்கம்போல, புயலா, யாராவது கொட்டினதா, ஆற்று மணலா என்று வரிசையாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தேன்.

அந்த மணலின் வயதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மணல் துகள் புதைந்து கிடக்கும் காலமெல்லாம் சுற்றியுள்ள மண்ணின் கதிர்வீச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தனக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளும். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் எத்தனை காலமாகப் புதைந்து கிடக்கிறது என்று தெரியும். வெளிச்சம் பட்டால் சேர்த்ததெல்லாம் போச்சு. அதனால் கறுப்புத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு, இருட்டுக்குள்ளேயே ஒரு குழாயை மணலில் அடித்து, மூடி போட்டு, கறுப்புப் பையில் சுற்றி எடுக்க வேண்டும். பட்டப்பகலில் ஒரு ஆம்பளையும் ஒரு பொம்பளையும் குழிக்குள் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு சுத்தியலால் தட்டினால் ஊர் என்ன நினைக்கும்? ரோட்டோரம் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸோடு வந்து நின்றார்கள்.

"செல எடுக்கறாங்கப்பா. அதான் மூடிக்கினு வேல நடக்குது."

"செல மட்டும் கெடச்சுது, அவ்ளோதான். இங்க கட்டக்கூடாதுன்னு பலகைய நட்டுட்டுப் போயிடுவாங்க. அக்கா வூடு கட்டினா மாதிரிதான்."

தார்ப்பாய்க்குள் இதெல்லாம் தெளிவாகக் கேட்டது. எனக்குச் சிரிப்பு. வெளியே வந்தபோது அக்கா சிரிக்கவில்லை.

"அந்த மண்ணு எவ்ளோ பழசு சாரு?" என்று கேட்டார்.

சார் சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தார். "அது லேப்ல பார்த்தாத்தான்மா தெரியும். ஆனா ரொம்பப் பழசு. உங்க ஊர்ல கல்லு செதுக்கினாங்களே, அதுக்கும் முன்னாடின்னாக்கூட ஆச்சரியப்பட மாட்டேன்."

அக்கா சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிப் போனார். அன்றைக்கு வாசல் வழியாகப் போகவில்லை.

மறுநாள் காலை குழியின் சுவரைக் கரண்டியால் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். மணல் பட்டையின் அடியில் நீலமாக ஏதோ எட்டிப் பார்த்தது. ஷாம்பு கவர். கடையில் சரம் சரமாகத் தொங்குமே, அதே ஷாம்பு கவர்.

மணலுக்கு அடியில் ஷாம்பு கவர் இருந்தால் மணல் அதற்குப் பிறகு வந்தது என்று அர்த்தம். ஆராய்ச்சியும் போச்சு, பட்டமும் போச்சு. நான் வாயைத் திறப்பதற்குள் சார் அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"காத்துல வந்து விழுந்திருக்கும்" என்றார்.

"காத்துல வந்தது சுவருக்குள்ள எப்படி சார் போகும்?"

"சரி, மெதுவாப் பேசு."

எனக்கு ஜிவ்வென்று ஏறிவிட்டது. இவ்வளவு நாள் இந்த மனிதரிடமா படித்தோம்? கட்டுரை வர வேண்டும் என்பதற்காகக் கண்ணெதிரே இருப்பதை மறைக்கிறாரே! இதற்கு முன்னால் எத்தனை கவரை இப்படிப் பைக்குள் போட்டிருப்பார்? அவரோடு சேர்ந்து எழுதியதையெல்லாம் மனசுக்குள் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எதையும் நம்ப முடியவில்லை.

"பையிலேருந்து எடுங்க சார். இல்லன்னா நான் இப்பவே கிளம்பறேன்."

சார் முகம் சுண்டிப்போயிற்று. கவரை எடுத்து என் கையில் வைத்தார். "மேல எல்லாரும் பாக்கறாங்கன்னுதான் எடுத்தேன். நீயே பாரு. என் மேல சந்தேகம்னா சுவரை இன்னும் உள்ள வெட்டு" என்றார்.

விடுவேனா? வெட்டினேன். ஒரு விரல் போகிற அளவுக்கு ஒரு ஓட்டை, கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. அதைத் தாண்டி மணலும் களியும் அப்பழுக்கில்லாமல் ஓடின. கவரைத் திருப்பிப் பார்த்தேன். மடிப்புக்குள் களிக் கறை துளியும் இல்லை. வருஷக்கணக்காகப் புதைந்து கிடந்தது இவ்வளவு சுத்தமாக இருக்குமா? முந்தின நாள் நாங்கள் போன பிறகு யாரோ சொருகியிருக்கிறார்கள்.

யார்? சாராக இருக்க முடியாது, அவருக்கு நஷ்டம். டீக்கடை ஆட்களா? வேறு கல்லூரியில் இதே வேலை செய்கிறவர்களா? அப்படிக்கூடப் போயிற்று என் புத்தி. நிமிர்ந்து பார்த்தேன். குழியின் விளிம்பில் அக்கா நின்றுகொண்டிருந்தார். வந்த நாள் முதல் குழிக்குள்ளேயே எட்டி எட்டிப் பார்ப்பவர், அன்றைக்குக் குழியைப் பார்க்கவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே ஏறிப் போய் கவரை நீட்டினேன். "நீங்களாக்கா?"

"ஆமா, நாந்தான் சொருவுனேன். இப்ப இன்னான்ற?"

"ஏன்க்கா?"

"ஏனா? ஊருக்குள்ள எங்க அக்கா வூடு கீது, பழைய கல்லுக்குப் பக்கத்துல. பாத்ரூம் செவுரு வுழுந்து கெடக்குது, ஒரு செங்கல்லு எடுத்து வெக்க முடியல. கேட்டா, பழசு கீது, கட்டக்கூடாதுன்றாங்க. என் எடத்துலயும் பழசுன்னு நீங்க எழுதிட்டா நான் எங்க போவேன்? அதான் புதுசாக்கினேன். கவரப் பாத்தா வுட்டுட்டுப் போயிடுவீங்கன்னு பாத்தேன். போவ மாட்டேன்றீங்க."

கோபம் போய் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடுதான் சொல்லித் தொலைத்தேன்.

"அக்கா, அந்தச் சட்டம் கோயிலுக்கும் சிற்பத்துக்கும். மண்ணுக்கு யாரும் பலகை நட மாட்டாங்க. அதுவும் இல்லாம, நீங்க பண்ணது தலைகீழால்ல போகுது? இந்த கவர் நிஜம்னு நாங்க எழுதியிருந்தா என்ன அர்த்தம் தெரியுமா? ஷாம்பு கவர் வந்ததுக்கு அப்புறம், உங்க காலத்துலயே, கடல் இங்க ஏறி வந்து போயிருக்குன்னு அர்த்தம்."

சார் குழிக்குள்ளிருந்து "ஏம்மா" என்றார். தாமதமாகிவிட்டது.

"கடலா?" என்றார் அக்கா.

நான் சாரைத் திரும்பிப் பார்த்தேன்.

"கடலு எங்க வந்துச்சு? பழைய மண்ணுன்னுதான சொன்ன?"

"அந்த மணல் கடல்லேருந்து வந்ததா இருக்கலாம்க்கா. எப்பவோ. ரொம்ப காலத்துக்கு முன்னாடி."

"சுனாமிக்கே தண்ணி வராத எடம்னு சொல்லித்தான் புரோக்கரு வித்தான். அன்னிக்கு எங்க சனமே இந்த மேட்டாண்டதான் ஓடியாந்து நின்னுது. நானும்தான் நின்னேன். தண்ணி வரல." சுண்ணாம்புக் கோடுகளைத் திரும்பிப் பார்த்தார். "அத்தவிட பெருசா?"

சார் மேலே ஏறி வந்தார். கையைத் தட்டிக்கொண்டே, அவருக்குத் தெரிந்த நிதானத்தில் விளக்கினார். இன்னும் உறுதியாகவில்லை, புயலாகவும் இருக்கலாம், மறுபடி எப்போது வரும் என்றோ வராது என்றோ யாராலும் சொல்ல முடியாது, அதற்காகப் பயப்படத் தேவையில்லை. ஒவ்வொன்றும் உண்மைதான். அக்கா முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அவுரு சொல்றது எனக்குப் புரியல. நீ சொல்லு மேடம். உன் எடமா இருந்தா இங்க வூடு கட்டுவியா?"

புயல், ஆறு, லாரி என்று சந்தேகங்கள் எல்லாம் வரிசையாக என் வாய்வரை வந்தன. ஆனால் அந்த மணல் விளிம்பை நான் பார்த்திருக்கிறேன், கையால் தடவியிருக்கிறேன்.

"மாட்டேன்க்கா."

"இத்த ஏன் வந்த அன்னிக்கே சொல்லல?"

ஊர் கூடிவிடும், தோண்ட விடமாட்டீர்கள் என்று சார் பயந்தார். எனக்கு ஆராய்ச்சி முடிய வேண்டும். இதை எப்படி அக்கா முகத்தைப் பார்த்துச் சொல்வது? உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்ட நான், நாங்கள் தோண்டுகிற இடத்தில் ஒரு வீடு வரப்போகிறது என்பதை ஒரு தடவைகூட நின்று யோசிக்கவில்லை.

"நான் ஒரு ஷாம்பு கவரத்தான் மறைச்சு வெச்சேன்" என்றார் அக்கா. "நீங்க கடலையே மறைச்சு வெச்சிட்டீங்களே."

குழி வெட்டிய ஆட்கள், மூடிவிடலாமா என்று மண்வெட்டியோடு வந்தார்கள். மூடிக் கொடுப்பதாகத்தான் பேச்சு.

"மூடாத" என்றார் அக்கா. "அப்டியே கெடக்கட்டும். எங்க வூட்டுக்காரரு வேன வுட்டுட்டு வரட்டும். கண்ணால பாக்கட்டும்."

பிறகு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து போனை எடுத்து மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

"அண்ணா, திங்கக்கெழம ஆளுங்கள இட்டுனு வராதீங்க. இல்லண்ணா, பணம்லாம் ரெடியாத்தான் கீது. எம்பொண்ண இங்க படுக்க வெக்க முடியாதுண்ணா."