சித்தப்பா விழுந்த இடம்

ஒரு மனிதர் பயந்ததைக் கண்ணால் கண்டவருக்கு, அதை அடுத்தவரிடம் சொல்லும் உரிமை உண்டா? இந்தக் கேள்வி எனக்குப் பதினாறு வயதில்தான் எழுந்தது. அதற்குக் காரணமான செயலை ஒன்பது வயதிலேயே செய்து முடித்திருந்தேன்.

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று எங்களுடையது. முன்னால் ஓர் அறை, பின்னால் அடுக்களை, மேலே தகரக் கூரை. அப்பா கேஜ் என்னும் கூண்டில் பூமிக்குள் இறங்கிப் பாறையில் துளை போடுபவர். அவர் படிக்கவைத்த தம்பி, அதாவது என் சித்தப்பா, ராணுவ அகாடமியில் தேறி அதிகாரியானார். பயிற்சி முடியும் நாளில் பெற்றோர் வந்து மகனின் தோளில் நட்சத்திரத்தைப் பொருத்துவது அங்கே வழக்கமாம். பெற்றோர் இல்லாததால் அப்பா போனார். இரவல் கோட்டுக்குள் அப்பா தொளதொளவென்று நிற்க, சித்தப்பா தோளைச் சற்றுத் தாழ்த்திக் கொடுக்கும் புகைப்படம் எங்கள் முன்னறையில் மாட்டியிருந்தது. லைனில் எல்லோருக்கும் அவர் ‘ஆபீசர்’. எனக்கு அந்தப் பெயரில் ஒரு கர்வம் இருந்தது.

அந்த ஆண்டு அவர் விடுப்பில் வந்தது கல்யாணப் பேச்சுக்காக. பெண் பங்காருபேட்டையில் பள்ளி ஆசிரியை; அவளுடைய தந்தை கனரகத் தொழிற்சாலையில் ஃபோர்மன். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சித்தப்பாவே அப்பாவுக்குக் கடிதம் எழுதியிருந்தார். குடும்பத்தோடு தங்கும் குவார்ட்டர்ஸுக்கு விண்ணப்பமும் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் கை நனைக்க வருவதாக ஏற்பாடு. எங்கள் வீட்டில் அவர்கள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் உறுதி. அதுவரை தண்ணீர் மட்டும்தான் குடிப்பார்கள்.

அதற்கு முந்தைய வியாழன், நண்பகல். சித்தப்பா கட்டிலில் உட்கார்ந்து தன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நான் நாலு எட்டு தள்ளி, வாசற்படி அருகே குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது பூமிக்குள் பாறை வெடித்தது. ஆழத்தில் தோண்டிய இடத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் சிதறுவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல, ‘பர்ஸ்ட்’ என்பார்கள். தரை அதிர்ந்தது; தகரம் தடதடத்தது. அம்மா வழக்கம்போலப் பாத்திர அலமாரியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

அடுத்த கணம் என்மேல் ஏதோ விழுந்தது. சித்தப்பா. என் முழங்கை சிமெண்டுத் தரையில் தேய்ந்து தோல் உரிந்தது. நான் கத்தினேன். அவர் எழவில்லை. அவருடைய உடம்பு முழுவதும் நடுங்கியது என் முதுகுக்குத் தெரிந்தது.

அம்மா ஓடிவந்து பார்த்தார். “நம்ம ஊரு பூமி அப்பப்ப இப்டித்தான் இருமும். மறந்துட்டீங்களா தம்பி?” என்று சிரிக்க முயன்றார். ஆனால் அம்மாவின் கண்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் இருக்கும் திசையில் இருந்தன. அப்பா அப்போது கீழே ஷிப்டில் இருந்தார். அவர் நல்லபடியாக மேலே வந்துவிட்டார் என்ற செய்தி வர ஒரு மணி நேரமாயிற்று. அதுவரை சித்தப்பா சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். பிறகு என் காயத்துக்கு மஞ்சள் வைத்துவிட்டு, “அப்பாகிட்ட சொல்லாத கண்ணு” என்றார்.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. மற்ற எல்லோரிடமும் சொன்னேன். முழங்கை எரிந்துகொண்டிருந்தது, அதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. “ஏய், இன்னாடீ, உங்க ஆபீசரு கேஜ்ல எறங்குனா அழுதுடுவாரா?” என்று பக்கத்து வீட்டுச் சிறுமி கேட்டாள். எல்லோரும் சிரித்ததும் எனக்கு உற்சாகமாகிவிட்டது. சனிக்கிழமைக்குள் அது ஓர் ஆட்டமாகவே ஆனது. ஒருத்தி தகரத்தைத் தட்டுவாள். மற்றவர்கள் தலையில் கைவைத்துத் தரையில் விழுந்து நடுங்க வேண்டும். மிக நன்றாக நடுங்கியவள் நான்தான்.

ஞாயிறன்று பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அத்தை காற்றுக்காக வாசலுக்கு வந்தபோது நாங்கள் ஆடிக்கொண்டிருந்தோம்.

“இன்னா ஆட்டம்மா இது? எனக்கும் சொல்லேன்.”

“மிலிட்டரி ஆட்டம். எங்க சித்தப்பா இப்டித்தான் விழுந்தாரு” என்று நான் விழுந்து காட்டினேன்.

அத்தை சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் பெண்ணின் தந்தையிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். அவர் சித்தப்பாவைப் பார்த்து, “குழந்தை ஏதோ சொல்றாளாமே தம்பி. விளையாட்டுதானே?” என்றார்.

அப்பா முந்திக்கொண்டார். “பசங்க சினிமா பாத்துட்டு இன்னாவோ பண்ணுதுங்க. நீங்க வாங்க, எல போட்டாச்சு.”

“விளையாட்டு இல்லீங்க” என்றார் சித்தப்பா. “நடந்ததுதான். போன வருஷம் குண்டு வெடிச்சு எங்க ஆளுங்க ரெண்டு பேரு என் பக்கத்துலயே போயிட்டாங்க. அதுலேர்ந்து சத்தம் கேட்டா இப்டி ஆவுது. இன்னிக்கி நானே சொல்லணும்னுதான் இருந்தேன்.”

ஆமாம், விளையாட்டுதான் என்று சித்தப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அப்பாவின் முகம் அதற்காகத்தான் கெஞ்சியது.

“மறைக்காம சொன்னீங்க, நல்லது. வீட்ல கலந்து பேசறோம். இன்னொரு நாள் கை நனைக்கிறோம்” என்று பெண்ணின் தந்தை எழுந்தார். ஏழு இலைகள் விரித்தபடியே கிடந்தன. அந்த இன்னொரு நாள் வரவில்லை.

சித்தப்பா என்னைக் கோபிக்கவில்லை. அடிக்க வந்த அப்பாவையும் தடுத்துவிட்டார். விடுப்பில் பன்னிரண்டு நாட்கள் மீதம் இருக்க, திங்கட்கிழமையே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். அதன்பின் வந்த சம்பந்தங்களை எல்லாம் கடிதத்திலேயே வேண்டாம் என்றார். பதவி உயர்ந்தது, வீட்டுக்கு வருவது குறைந்தது.

எனக்குப் பதினாறு வயதானபோது, சுரங்கம் மூடப்பட்ட ஆண்டில், மலைப்பாதையில் வண்டி உருண்டு அவர் இறந்தார். அஞ்சலிக் கூட்டத்தில் வாசிப்பதற்காக, வீட்டார் வாழ்க்கைக் குறிப்பு எழுதியனுப்ப வேண்டும் என்று அவருடைய படைப்பிரிவு கேட்டது. வேலை இழந்து வீட்டிலிருந்த அப்பா அந்தத் தாளை என்னிடம் கொடுத்தார். பயிற்சி, பணி என்று நிறைய எழுத இருந்தது. குடும்பம் என்ற இடத்தில் அண்ணன், அண்ணி, அவர்கள் மகள் என்று மட்டும் எழுதினேன். அதற்கும் கீழே பாதிப் பக்கம் காலியாக இருந்தது.

அந்தக் காலியிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் முன்னறை நினைவுக்கு வந்தது. கட்டில் அவருக்கு அடியிலேயே இருந்தது. தன்னை மட்டும் காத்துக்கொள்ள நினைத்திருந்தால் அதன் கீழே உருண்டிருப்பார். நாலு எட்டு தாண்டி அவர் வந்து விழுந்த இடத்தில் நான் இருந்தேன்.

என் முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. முன்பெல்லாம் யாராவது கேட்டால், சித்தப்பா மேலே விழுந்துவிட்டார் என்பேன். இப்போது, பூமி அதிர்ந்தபோது அவர் என்னை மூடிக்கொண்டார் என்று சொல்கிறேன்.