கடைசிப் பந்தி

எங்கள் ஆலைக்கு மேலாளராக வந்தவர் ராணுவத்தில் கர்னலாக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டிகளுக்கு ஒயர் தொகுப்புகள் செய்யும் ஆலை அது, ஓசூருக்கு வெளியே. நாற்பது பெண்கள் நிற்கும் ஒரு லைனுக்கு நான் மேற்பார்வையாளர். திங்கட்கிழமை காலைகளில் கர்னல் எங்களைப் போன்றவர்களை வரிசையாக நிற்க வைத்துப் பத்து நிமிடம் தளபதிகளைப் பற்றிப் பேசுவார். போர்முனையையும் கன்வேயர் பெல்ட்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொட்டாவி வரும். வந்தது.

ஒரே ஒரு கதை மட்டும் ஒட்டிக்கொண்டது. பனிமலையில் ஒரு காவல் சாவடி. அங்கே இவருடைய கமாண்டர், கடைசிச் சிப்பாய் சாப்பிட்டு முடித்த பிறகுதான் தன் தட்டை எடுப்பாராம்.

"சும்மா மரியாதைக்கு இல்ல. அது ஒரு டியூட்டி," என்றார் கர்னல்.

என்ன டியூட்டி என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

எங்கள் கேன்டீனில் மூன்று பந்தி. முதலில் அலுவலக ஆட்களும் மேற்பார்வையாளர்களும், அடுத்து நிரந்தரத் தொழிலாளிகள், கடைசியில் கான்ட்ராக்ட் பெண்கள். இந்தப் பெண்களில் பாதிப் பேர் தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஊர்களிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வருகிறவர்கள். நான் முதல் பந்தியை விட்டுவிட்டு, மூன்றாவது பந்தியும் எழுந்த பிறகு போகத் தொடங்கினேன். மற்ற மேற்பார்வையாளர்கள் கேலி செய்தார்கள். பசித்தது. ஆனாலும் உள்ளுக்குள் பெருமையாக இருந்ததை மறைக்கமாட்டேன். அந்த ஒரு மணி நேரப் பசியில் நான் என்னையே ரசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம், மதியம் மூன்று மணிக்கு, லைனில் ஒரு பெண் சரிந்து விழுந்தாள். கான்ட்ராக்ட் பெண், இருபது வயதிருக்கும். முதலுதவி அறையில் படுக்க வைத்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். அவளை வேலைக்கு அனுப்பிய ஒப்பந்தக்காரரின் ஆள் ஒரு படிவத்தோடு வந்தார்.

"காலைல சாப்புடாம வந்திருக்குதுங்க மேடம். இந்த ஒடம்ப வெச்சுக்கிட்டு நின்னு வேல செய்ய முடியாது. கையெழுத்து போடுங்க, நாளைக்கே வேற ஆள அனுப்பறேன்."

லைன் நின்றிருந்தது. எனக்கு அவசரம். 'உணவு உண்ணாமல் பணிக்கு வந்தார்' என்று எழுதியிருந்ததற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகுதான் அவளிடம் போய்க் கத்தினேன்.

"சாப்பிடாம ஏம்மா வர்ற? இங்க மதியம் சோறு போடறாங்கல்ல?"

"காலைலயும் சாப்ட்டுத்தான் வந்தேன் மேடம். மதியந்தான் பத்தல. கடைசி பந்திக்கு சோறு எப்பவும் பத்தாது. சாம்பார்ல தண்ணி ஊத்துவாங்க. பொரியல் இருக்காது."

"நான் உங்களுக்கெல்லாம் அப்புறம்தானே சாப்பிடறேன்? எனக்கு எல்லாம் இருக்கே."

"உங்களுக்கு மொதல்லயே எடுத்து மூடி வெச்சிருவாங்க மேடம்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. மூடி வைத்த தட்டை நான் தினமும் பார்த்தவள். கேன்டீன் மாஸ்டர் என்மேல் வைத்திருக்கும் மரியாதை என்று நினைத்திருந்தேன். காலியான பாத்திரங்கள் பக்கத்திலேயேதான் இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட நான் எட்டிப் பார்த்ததில்லை.

ஓடிப்போய்ப் படிவத்தைத் திருப்பிக் கேட்டேன். போட்டோ எடுத்து ஒப்பந்தக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியாயிற்று என்றார் அந்த ஆள். மறுநாள் காலை கர்னலிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அன்று மதியமே கேன்டீனுக்குப் போய், மூன்றாவது பந்தி முடியும் வரை சோற்றுப் பாத்திரத்தின் பக்கத்தில் நின்றார். அடுத்த நாளிலிருந்து எல்லோருக்கும் ஒரே சாம்பார். ஆனால் அந்தப் பெண்ணின் இடத்துக்கு ஆள் வந்துவிட்டது. திருப்பி எடுக்கச் சொல்லிக் கர்னலே பேசியும் ஒப்பந்தக்காரர் பிடி கொடுக்கவில்லை.

நான்கு நாள் கழித்து அவளைப் போனில் கூப்பிட்டேன். வேலை போனதை அவள் பெரிதாகப் பேசவில்லை.

"வேல போனா போகுது மேடம். மயக்கம் போட்டு வுழுந்துட்டான்னு கான்ட்ராக்டரோட ஆளு ஊர்ல வந்து சொல்லிட்டாரு. கல்யாணமாவாத பொண்ணு எதுக்கு வுழுந்தான்னு இங்க வேற மாதிரி பேசறாங்க. எங்கம்மாவே என்கிட்ட மொகம் குடுக்கறதில்ல. அம்மாகிட்ட போன் குடுக்கறேன். நான் எதுக்கு வுழுந்தேன்னு நீங்களே சொல்லுங்க மேடம்."

பழியை அவள்மேலேயே போட்டு நான் கையெழுத்துப் போட்ட அந்த ஒரு வரி எங்கே போய் நிற்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

அம்மா போனை வாங்கினார். உங்கள் பெண்மேல் ஒரு தப்பும் இல்லை, எங்கள் கேன்டீனில் கடைசிப் பந்திக்குச் சாப்பாடு போதவில்லை, பல நாளாக அரை வயிற்றோடு நின்று வேலை செய்ததால்தான் விழுந்தாள் என்று நிதானமாகச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். நம்பினார் என்று மூச்சிலிருந்தே தெரிந்தது.

"நீங்க அங்க யாருங்க?" என்று கேட்டார்.

"அந்த லைனுக்கு நான்தாங்க பொறுப்பு."

"புள்ள பசியோட நின்னது உங்களுக்குத் தெரியலிங்களா?"