சீர் ஃபிரிட்ஜும் ஓசோனும்

என் கல்யாணத்துக்கு அண்ணன் சீராகக் கொடுத்த ஃபிரிட்ஜ் போன மாதம் ஒரேயடியாக நின்றுவிட்டது. இத்தனை வருடம் ஓடியதே பெரிது. வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் உக்கடத்திலிருந்து பழைய இரும்பு எடுக்கும் பாயை வரச் சொல்லிவிட்டார்.

பாய் ஃபிரிட்ஜை வாசலுக்கு நகர்த்தித் திருப்பி வைத்தார். அவர்கள் வழக்கப்படி முதலில் பின்பக்கத்துச் செம்புக் குழாயில் கட்டரை வைத்தார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைத்தது.

"ஐயையோ, வெட்டாதீங்க! உள்ள இருக்கற கேஸ் வெளிய போயிரும்!"

"போனாப் போகுதுங்க டீச்சர். இத்துனூண்டு காத்துத்தானுங்க?"

பீளமேட்டுப் பள்ளியில் வருடா வருடம் ஓசோன் பாடம் நடத்துகிறவள் நான். சும்மா விடுவேனா? சூரியனின் கொடிய புற ஊதாக் கதிரை வடிகட்டத்தான் மேலே அந்த ஓசோன் படலம் இருக்கிறது, அது இல்லாவிட்டால் பயிர் பச்சை, ஆடு மாடு, நாம் யாருமே தாங்க மாட்டோம், அதை அரித்தது இந்தப் பழைய ஃபிரிட்ஜ் கேஸ்தான் என்று வாசலிலேயே வகுப்பெடுத்தேன்.

"உங்கண்ணன் குடுத்தத உட உனக்கு மனசில்ல. அதுக்கு எதுக்கு வானத்த இழுக்கற?" என்றார் வீட்டுக்காரர்.

சுருக்கென்றது. பாதி உண்மை அது. எங்கள் பக்கம் பிறந்த வீட்டுச் சீரைச் சொல்லாமல் இரும்புக்குப் போட்டால், உடன்பிறந்தவனையே தூக்கிப் போட்ட மாதிரி. அந்தியூரில் மஞ்சள் விற்று வாங்கித் தந்தவர் அண்ணன். அவர் முகம் கோணினால் எனக்குச் சோறு இறங்காது.

அண்ணனிடம் போனில் மென்று விழுங்கிச் சொன்னேன். "வாரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பாயை மறுநாள் வரச் சொன்னேன். கேஸை உறிஞ்சி சிலிண்டரில் பிடிக்கும் மெஷின் வைத்திருக்கும் ஏசி மெக்கானிக்கையும் கூப்பிட்டேன்.

மறுநாள் அண்ணன் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். ஒரு கண்ணில் புரை எடுத்து இன்னும் மாதம் ஆகவில்லை. நான் சொன்ன எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார்.

"ஏன் அம்மணி, அப்ப நான் குடுத்த சீர்தான் வானத்துல ஓட்ட போட்டுச்சா?"

"எல்லாரு ஊட்டு ஃபிரிட்ஜுந்தாங்கண்ணா. இப்ப உலகமே அந்தக் கேஸ நிறுத்திப்போட்டாங்க. மேல மெல்ல மெல்லச் சரியாகிட்டு வருதுங்க."

"அந்தக் கதிரு கண்ணுக்கும் ஆகாதா?"

"ஆகாதுங்கண்ணா. பொரை உழுகறதுக்கு அதுவும் ஒரு காரணமுங்க."

காலமெல்லாம் மஞ்சள் காட்டு வெயிலில் நின்ற மனுஷன். அவர் ஃபிரிட்ஜின் மேல் ஒரு தட்டு தட்டிவிட்டு பாயிடம் திரும்பினார்.

"ஏனுங்க பாய், பெட்டிய எடுத்துக்கங்க. என்ற தங்கச்சிக்கு நான் வேற வாங்கித் தாரேன். அந்தக் காத்த மட்டும் வெளிய உட்றாதீங்க. எனக்கு இன்னொரு கண்ணு நல்லாத்தான் இருக்குது."