தபீதாள் செய்த சவரம்

யேசுதாசனுக்கு முகம் முழுக்க வெள்ளைத் தாடி மண்டிப்போயிருந்தது. டிசம்பராக இருந்திருந்தால் சர்ச்சில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்துக்குக் கூப்பிட்டிருப்பார்கள். தாடிதானே, கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் ரசம் சாதம் அதில் ஒட்டிக் காய்ந்தது. அரிப்பு தாங்காமல் மனுஷன் ரத்தம் வருகிறவரை சொறிந்துகொண்டார்.

அவர் மனைவி தபீதாள் முயற்சி செய்யாமல் இல்லை. ட்ரிம்மரை எடுத்தாள். அது கர்ரென்று கத்தியதும் அவர் மிரண்டுபோய் அவள் கையில் ஒரு அடி வைத்தார். டப்பாவை அமுக்கினால் நுரை வருமே, அதை வாங்கினாள். அது புஸ்ஸென்று சீறியது, அதற்கும் பயம். போனில் புக் செய்தால் வீட்டுக்கே வந்து முடிவெட்டும் ஆள் ஒருவன் வந்தான். கழுத்தில் துணியைக் கட்டுவதற்குள் யேசுதாசன் அவனைப் பிடித்துத் தள்ளிவிட்டார். "இது நமக்கு ஆவாதும்மா" என்று அவன் பெட்டியை மூடிக்கொண்டு போயேவிட்டான்.

அவருக்கு மறதி நோய். டாக்டர் இங்கிலீஷில் நீளமாக ஒரு பேர் சொன்னார். அதை உச்சரிக்கக் கற்றுக்கொண்டு என்ன ஆகப்போகிறது என்று தபீதாள் விட்டுவிட்டாள். மறதி என்றால் மறதி. முதலில் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று மறந்தது, பிறகு சிட்லபாக்கத்தில் சொந்தத் தெரு மறந்தது, பிறகு மகள் ஏஞ்சல் மறந்துபோனாள். கடைசியில் தபீதாளும் போனாள். ஈஸ்டருக்கு முன்னால் ஒரு நாள் "தபீதா" என்று கூப்பிட்டதுதான் கடைசி. அதற்கப்புறம் அவள் 'சிஸ்டர்' ஆகிவிட்டாள். நர்ஸ் என்று நினைத்தாரோ, சபையில் பார்த்த யாரோ என்று நினைத்தாரோ, யார் கண்டது. "சிஸ்டர், கொஞ்சம் தண்ணி வேணும்." "சிஸ்டர், நீங்க சாப்பிட்டாச்சா?" மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. கட்டின புருஷன் அத்தனை மரியாதையாகப் பேசினால் எந்தப் பெண்ணுக்கு வயிறு எரியாது?

ஒரே ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட வையும் ஆண்டவரே, அதற்கப்புறம் எத்தனை வருஷமானாலும் முகம் கோணாமல் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுகிறேன் என்று அவள் தினமும் ஜெபத்தில் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

தெற்கே சாயர்புரத்துப் பக்கத்துப் பெண் அவள். கல்யாணமாகி இங்கே வந்தபோது ஏரிக்கரையில் வீடுகள் விட்டுவிட்டுத்தான் இருந்தன. அவர் கிண்டித் தொழிற்பேட்டையில் ஒரு பம்பு கம்பெனியில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்டார். அவள் சேலையூரில் நர்சரிப் பிள்ளைகளுக்கு அ ஆ சொல்லிக்கொடுத்தாள். ஏஞ்சல் வேலைக்குப் புனே போய் அங்கேயே குடியேறிவிட்டாள். இப்போது வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். மாடியில் குடியிருக்கிற பிள்ளைகள் காதில் எதையாவது மாட்டிக்கொண்டே ஏறும், மாட்டிக்கொண்டே இறங்கும். அவரைத் தனியாக விட்டுவிட்டு ஆராதனைக்குப் போக முடியாததால் ஞாயிற்றுக்கிழமை போனிலேயே முடிந்தது. காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி தெருவில் "அம்மா, வாங்கம்மா" என்று கூப்பிடும். அது பதிவு செய்த குரல் என்று தெரிந்தும் சில நாள் தபீதாள் அடுப்படியிலிருந்து "வர்றேன்" என்று பதில் சொல்லியிருக்கிறாள்.

தாடிக்கு வழி என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தவளுக்கு ஏகாம்பரம் நினைவுக்கு வந்தார். மார்க்கெட் பக்கம் ஏகாம்பரத்தின் சலூன் இருந்தது. யேசுதாசன் வேலைக்குப் போன காலமெல்லாம் சனிக்கிழமை தவறாமல் அங்கே போய்ச் சவரம் செய்துகொண்டு, கன்னத்தில் சந்தன வாசனையோடு வீட்டுக்கு வருவார். ஏகாம்பரம் கடையைக் காலி செய்துவிட்டு மதுராந்தகத்தில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். ஆனால் அவர் கையில் இருந்தது ட்ரிம்மரும் இல்லை, டப்பா நுரையும் இல்லை. பிரஷ். கிண்ணத்தில் குழைத்து பிரஷ்ஷால் பூசுவார்.

உடனே தாம்பரம் போய் ஒரு பிரஷ் வாங்கிவந்தாள். பன்றி முடி பிரஷ். வெந்நீரில் ஊற வைத்தால் ஈரநாய் வாடை அடித்தது. கன்னத்தில் வைத்துத் தேய்த்தபோது துடைப்பம் மாதிரி குத்தியது. நாலு முடி அவர் உதட்டில் ஒட்டிக்கொண்டது. யேசுதாசன் தூவென்று துப்பிவிட்டு எழுந்துபோய்விட்டார்.

ஏஞ்சலிடம் போனில் சொல்லி அழுதாள். ஏஞ்சல் புனேயிலிருந்து இன்னொன்றை அனுப்பிவைத்தாள். செயற்கை இழை பிரஷ், எந்த மிருகத்தின் முடியும் இல்லை. "ஊறவே வைக்காதம்மா. சும்மா நனைச்சு ஒதறு, அது போதும்" என்றாள்.

தபீதாளுக்கு நம்பிக்கை இல்லை. மறுபடி அவருக்குக் குத்திவிட்டால் அவ்வளவுதான், அப்புறம் கிட்டவே சேர்க்க மாட்டார். அதனால் முதலில் தன்மேலேயே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். அவர் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று, ஷேவிங் க்ரீமைக் கிண்ணத்தில் பிதுக்கி, பழைய பிரஷ்ஷுக்கு விட்ட அளவு தண்ணீரை விட்டுச் சுற்றினாள். புது பிரஷ் துள்ளியது. நுரை கண்ணாடியில் தெறித்தது, சுவரில் தெறித்தது, முழங்கை வழியாக ஒழுகியது. அடக் கர்மமே என்று துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை பட்டாணி அளவு க்ரீம், நன்றாக உதறிய பிரஷ். நாலே சுற்றில் இட்லி மாவு பொங்கினமாதிரி நுரை எழும்பி நின்றது.

கன்னத்தில் வைத்தாள். குத்தவில்லை. இளஞ்சூடாக, பஞ்சுபோல, கன்னத்தைச் சுற்றி வந்தது. தாடைக்குக் கீழே போனது, காதோரம் வந்தது. வேண்டிய சோதனை முடிந்துவிட்டது, நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை. தன் முகத்தை யாராவது தொட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. கண்ணாடியில் வெள்ளைத் தாடியோடு ஒரு கிழவி நின்றாள். சிரிப்பு வந்தது. இந்தக் கோலத்தை யாரிடமாவது காட்டிச் சேர்ந்து சிரிக்க வேண்டும்போல இருந்தது. ஆள் இல்லை. சிரித்த வாயோடு அழுதாள், முகத்தைக் கழுவினாள்.

மறுநாள் காலை சாப்பாட்டுக்குப் பிறகு அவரை நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் துண்டைச் சுற்றி, பின்பக்கமாக நின்று பிரஷ்ஷைக் கன்னத்தில் வைத்தாள். அடிக்கப்போகிறார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேதான் வைத்தாள். யேசுதாசன் அடிக்கவில்லை. கண்ணை மூடினார். தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கிக் கொடுத்தார்.

"மீசையத் தொடாத ஏகாம்பரம்" என்றார்.

தபீதாள் "ம்" என்று மட்டும் சொல்லிவைத்தாள். ரேசரை எடுத்து மெதுவாக இழுத்தாள். அவர் அசையவில்லை. பேச ஆரம்பித்தார். ஏரி நிரம்பிவிட்டதாமே என்றார். கம்பெனியில் புது மேனேஜருக்கு நட்டுக்கும் போல்ட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, அவனிடம் குப்பைகொட்ட வேண்டியிருக்கிறது என்றார். எந்த மேனேஜர், எந்தக் காலம்! ஆனால் வாக்கியம் வாக்கியமாகப் பேசினார். முகத்தைத் துடைத்துவிட்டதும் கண்ணைத் திறந்து பார்த்து, "தேங்க்ஸ் சிஸ்டர்" என்றார். அவ்வளவுதான், கடை சாத்தியாகிவிட்டது.

அதன்பிறகு அந்த வீட்டில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை சவரம் நடந்தது. தாடி வளர்ந்ததோ இல்லையோ, தபீதாள் கிண்ணத்தை எடுத்துவிடுவாள். வீட்டில் ஒரு பேச்சுக்குரல் கேட்கவேண்டுமே. ம் ம் என்று எத்தனை நாள் ஓட்டுவது? ஒரு நாள் துணிந்து, ஏகாம்பரம் மாதிரி தொண்டையைத் தாழ்த்தி, "இன்னா சார், தண்ணி சூடா கீதா?" என்று கேட்டாள். சாயர்புரத்துக்காரி வாயில் அந்தப் பட்டணத்துப் பேச்சு எப்படி இருந்திருக்கும்! ஒரு கைப்பிள்ளைகூட நம்பாது. யேசுதாசன் நம்பினார். கன்னத்தில் நுரை பட்டதுமே ஆள் யாரென்று அவருக்கு முடிவாகிவிட்டது. குரலைப்பற்றி அவர் கவலைப்படவில்லை.

பேச்சு வளர்ந்தது. அடேயப்பா, இந்த மனுஷனுக்குள் இவ்வளவு பேச்சா? வீட்டில் அவர் உம்மணாமூஞ்சி. ஆபீஸிலிருந்து வந்தால் பேப்பர், டிவி, தூக்கம். இவள்தான் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பாள், அவர் தலையாட்டுவார். சில ஆம்பளைகள் சுபாவம் அப்படி என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்டாள். இப்போது பார்த்தால் சனிக்கிழமைதோறும் ஏகாம்பரத்திடம் கொட்டித் தீர்த்திருக்கிறார். அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கக் கால் இல்லாமல் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டதை ஏகாம்பரத்திடம் சொன்னார். அவளிடம் அன்றைக்கு வந்து கேட்டது ஒரே கேள்வி: "ப்ளாஸ்க்கை எங்கே வெச்ச?"

தபீதாளுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு நாவிதர்மேல் பொறாமைப்படும் நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது. மறதி வந்துதான் இவரை இழந்தோம் என்று நினைத்திருந்தாள். அதற்கு முன்பே, பக்கத்திலேயே இருந்தும், தான் தனியாகத்தான் இருந்திருக்கிறோம் என்று புரிந்தபோது ரேசரைக் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

அன்றைக்கு வியாழக்கிழமை. நல்ல வெயில். நுரையைப் பூசிக்கொண்டிருந்தவள், ரொம்ப நாளாக நாக்கு நுனியில் நின்றதைக் கேட்டேவிட்டாள்.

"வூட்ல அம்மா எப்டி கீறாங்க சார்?"

பிரஷ் கன்னத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஊருக்குப் போயிருக்கா" என்றார் யேசுதாசன். "ரொம்ப நாளாச்சு. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாளோ என்னமோ."

"கோவமா? இன்னாத்துக்கு சார்?"

"நான்தான் வீட்ல வாயத் தொறக்கறதில்லையே. அவளும் எத்தன வருஷம் பொறுப்பா? வரட்டும். இந்தத் தடவ வந்தா பேசணும் ஏகாம்பரம். சொல்றதுக்கு நெறைய வெச்சிருக்கேன்."

தபீதாள் ரேசரை எடுத்தாள். இப்போது வைத்தால் வெட்டிவிடும் என்று பயந்து அதைக் கிண்ணத்துக்குள் போட்டாள்.

"இன்னா சொல்லப்போறீங்க சார்?" குரல் கட்டையாக வரவில்லை, உடைந்துதான் வந்தது.

யேசுதாசன் ஒரு கண்ணைத் திறந்தார். கொஞ்சம் வெட்கப்பட்டமாதிரி இருந்தது.

"அத உங்கிட்ட எப்படிப்பா சொல்றது? அவகிட்ட சொல்ல வேண்டியது" என்றார். "சீக்கிரம் முடி. இன்னைக்கு வந்தாலும் வருவா. தாடியோட நின்னா அவளுக்குப் பிடிக்காது."

எப்படித்தான் அந்தச் சவரத்தை முடித்தாளோ, அது அவளுக்கே தெரியாது. துடைத்துவிட்டு, சட்டையை மாற்றி, அவரை போர்டிகோ நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். இந்த நினைப்பு அவர் தலையில் மத்தியானம்வரை தங்காது. அதற்குள் தபீதாள் ஊரிலிருந்து வந்தாக வேண்டும்.

உள்ளே ஓடினாள். ஊருக்குப் போகும்போது கட்டுகிற பச்சைச் சேலையைக் கட்டினாள். தலையை வாரினாள். பயணப் பையை எடுத்தாள். காலியாக இருந்தால் நன்றாக இருக்காது என்று இரண்டு போர்வையைத் திணித்தாள். பின்கதவு வழியாக இறங்கி, பக்கத்துச் சந்தில் சுவரை உரசிக்கொண்டு நடந்து, பின்தெருவுக்குப் போய், தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தாள். மாடிப் பெண் ஒருத்தி வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"ஊருக்கா ஆன்ட்டி?"

"இல்லம்மா. ஊர்லேருந்து வர்றேன்" என்றாள் தபீதாள். நெஞ்சு அடித்துக்கொண்டது. கல்யாணத்தன்றைக்குக்கூட இப்படி அடித்துக்கொண்டதில்லை.

கேட்டைத் திறந்தாள். யேசுதாசன் விருட்டென்று எழுந்து நின்றார். முகம் மழமழவென்று, பார்க்க அழகாக இருந்தார். கண்ணில் அப்படி ஒரு ஆசை. அவள் பையோடு படியருகே வந்து நின்றாள்.

"என்னங்க, நான் வந்துட்டேன்" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். அவள் தோளுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"வாங்கம்மா" என்றார். "தபீதாவையா பார்க்கணும்? அவ ஊருக்குப் போயிருக்கா. வர்ற நேரம்தான், உட்காருங்க."

பேரைச் சொல்லிவிட்டார். ஜெபத்தில் அவள் கேட்டது அதுதானே. கேட்கும்போது இன்னும் கொஞ்சம் விவரமாகக் கேட்டிருக்க வேண்டும்.

இன்னொரு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார், கையால் தூசியைத் தட்டிவிட்டார். தபீதாள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு பேரும் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது.

"இந்த வெயில்ல வர்றாளே" என்றார் யேசுதாசன். "குடை எடுத்துட்டுப் போனாளோ என்னமோ."

"எடுத்துட்டுதான் போயிருப்பாங்க" என்றாள் தபீதாள்.